பாட்டும் பூட்டும்
வேறு வகைச் செல்பேசி வைத்திருப்பவருக்கு இசையைப் பரிசளிப்பது எப்படி?

சாவ்டி பஜாரில் 35 ஆண்டுகள் காகித வியாபாரம் செய்தவன் நான். கணினி முறையாகப் படித்தவனல்ல. கடையைப் பிள்ளையிடம் ஒப்படைத்துவிட்டுத் துவாரகாவில் குடியேறிய பிறகு, பொழுது போகாமல் தட்டித் தடவிக் கற்றுக்கொண்டதுதான் எல்லாம். ஆகவே இக்கட்டுரையை ஒரு நிபுணரின் கட்டுரையாக எண்ணாமல், ஒரு தவறு செய்து பாடம் கற்றவனின் குறிப்பாக வாசகர்கள் கொள்ள வேண்டுகிறேன்.

வந்தவாசிப் பக்கம் ஒரு கிராமத்தில் என் மூத்த அக்கா இருக்கிறார். வயது 76. மாமா காலமாகிவிட்டார். அக்காவுக்குக் கண் பார்வை மங்கிவிட்டதால் புத்தகம் படிக்க முடிவதில்லை. டூரிங் கொட்டகையில் கேட்ட பழைய பாட்டுகள்தான் அவருக்குத் துணை. மூன்று வருடம் முன்பு பொங்கலுக்கு அவருக்கு என்ன வாங்கித் தரலாம் என்று யோசித்தேன். சேலை நிறைய இருக்கிறது. பாட்டு வாங்கித் தந்தால் என்ன?

என் பிள்ளை எனக்குக் கொடுத்திருந்த செல்பேசியில் பாட்டு விற்கும் கடை ஒன்று இருந்தது. எந்தக் கடை என்பது இங்கே முக்கியமில்லை, பிழை என்னுடையது. ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து 24 பாடல்களைத் தேடித் தேடி விலை கொடுத்து வாங்கினேன். ஒவ்வொரு பாட்டின் பக்கத்திலும் ‘பகிர்’ என்று ஒரு பொத்தான் இருந்தது. அதை அழுத்தி வாட்ஸ்அப்பில் அக்காவுக்கு அனுப்பினேன். நீல டிக் இரண்டும் விழுந்தன. போன் போட்டுக் கேட்டேன். “வந்துச்சி தம்பி, நல்லா இருக்குது” என்றார். எனக்குப் பரம திருப்தி.

ஆறு மாதம் கழித்து ஊருக்குப் போனேன். திண்ணையில் உட்கார்ந்து, “அக்கா, அந்தப் பாட்டைப் போடேன், சேர்ந்து கேப்போம்” என்றேன். பேத்தி வந்து போட்டுக் கொடுத்தாள். சரியாக அரை நிமிடம்! பல்லவி முடியும் முன்பே பாட்டு நின்றுவிட்டது. அடுத்த பாட்டும் அப்படியே. 24-ம் அப்படியே.

“என்னக்கா இது?”

“எல்லாமே அரை நிமிஷத்துல நின்னுடுது தம்பி. நீ அனுப்பினதே அவ்ளோதான்னு நெனச்சிக்கினேன். மீதிய நானே பாடிக்கினு இருந்தேன்.”

எனக்கு வந்த வெட்கத்தை எழுதி முடியாது. ஆறு மாதமாக ஒரு வயசான மனுஷி, தம்பி மனசு நோகக் கூடாதென்று, துண்டுப் பாட்டைக் கேட்டுவிட்டு ‘நல்லா இருக்குது’ என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். அன்றிலிருந்துதான் இந்த விஷயத்தைத் தோண்டிப் படிக்க ஆரம்பித்தேன். பிள்ளைகள் பெங்களூரிலும் அமெரிக்காவிலும், பெற்றோர் ஊரிலும், நாம் தில்லியிலும் என்று சிதறிக் கிடக்கும் நம்மைப் போன்ற குடும்பங்களில் இப்பிழை எத்தனை பேருக்கு நேர்ந்திருக்குமோ!

நான் செய்த பிழை என்ன?

வியாபாரி பாஷையில் சொன்னால், சரக்குக்குப் பதில் சாம்பிளை அனுப்பிவிட்டேன். ‘பகிர்’ என்ற பொத்தான் பாட்டை அனுப்புவதில்லை. பாட்டு இருக்கும் கடையின் முகவரியை மட்டுமே அனுப்புகிறது. அந்த முகவரிக்குப் போகிறவரிடம் அந்தக் கடையில் கணக்கு இருந்தால் முழுப் பாட்டும் ஒலிக்கும். இல்லையென்றால் மாதிரிக்காக வைத்திருக்கும் 30 விநாடித் துண்டுதான் ஒலிக்கும். என் பேசி ஒரு இனம். அக்காவின் பேசி வேறு இனம். அவருடைய பேசியில் அந்தக் கடையே இல்லை.

இந்தத் தொல்லை புதிதா?

இல்லை. இந்தியாவில் இசைத்தட்டுப் பதிவு 1902-இல் கல்கத்தாவில் தொடங்கியது. கௌஹர் ஜான் பாடிய பாட்டுகள் அப்போது பதிவானவை. நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் அத்தட்டுகள் பல காலம் அரசாண்டன. பிறகு அமெரிக்காவில் 1948-இல் ஒரு கம்பெனி 33⅓ சுற்று நெடுந்தட்டைக் கொண்டுவந்தது. மறு ஆண்டே போட்டிக் கம்பெனி 45 சுற்றுத் தட்டைக் கொண்டுவந்தது. ஒன்றின் தட்டு மற்றதன் பெட்டியில் சரியாக ஓடாது. வேகமும் வேறு, 78-இன் பள்ளம் அகலமானதால் ஊசியும் வேறு. கடைசியில் என்ன ஆயிற்று? மூன்று வேகத்திலும் ஓடும் பெட்டிகளைச் செய்து விற்க ஆரம்பித்தார்கள். வாங்குகிறவன் பக்கம் நியாயம் திரும்பச் சில வருஷம் பிடித்தது.

ஒலிநாடா வந்தபோது கதை நல்லபடியாக நடந்தது. 1963-இல் பிலிப்ஸ் கம்பெனி கொண்டுவந்த சிறிய கேசட்டின் அளவையும் அமைப்பையும் மற்றக் கம்பெனிகள் கட்டணமின்றிப் பயன்படுத்த அது ஒப்புக்கொண்டது. அதனால் எந்தக் கம்பெனி டேப்பிலும் எந்தக் கேசட்டும் ஓடியது. 1980-களில் நம் தில்லியின் தரியாகஞ்சில் பழச்சாறு விற்ற குடும்பத்துப் பிள்ளை குல்ஷன் குமார் கேசட் வியாபாரத்தில் கொடிகட்டிப் பறந்ததற்கு, இந்தப் பொது அளவும் ஒரு காரணம். கரோல் பாக்கில் வாங்கிய கேசட்டை வந்தவாசியில் கொடுத்தால் யாரும் ‘உங்க டேப் என்ன கம்பெனி?’ என்று கேட்டதில்லை.

இன்னும் பின்னே போகலாம். சமணர்களாகிய எங்கள் மரபில் உணவு, மருந்து, அபயம் இவற்றோடு சாஸ்திர தானமும் ஒன்று. நூலைப் படியெடுத்துக் கொடுப்பது. கன்னட நாட்டில் அத்திமப்பை என்ற அம்மையார் பொன்னர் இயற்றிய சாந்தி புராணத்தை 1000 பிரதிகள் எழுதுவித்து வழங்கினார் என்பது புகழ்பெற்ற செய்தி. பெறுகிறவர் படிக்கக்கூடிய எழுத்தில் ஏடு இருந்தால்தான் அது தானம். கிரந்த எழுத்து ஏட்டைக் கன்னட எழுத்து மட்டும் தெரிந்தவரிடம் கொடுத்தால், மரியாதையாகப் பூஜை அறையில் வைத்துக்கொள்வார், படிக்கமாட்டார். நான் அக்காவுக்குக் கொடுத்ததும் அப்படிப்பட்ட ஏடுதான்.

பூட்டு வந்த கதை

2003 ஏப்ரல் 28 அன்று ஆப்பிள் நிறுவனம் அமெரிக்காவில் ஐடியூன்ஸ் பாட்டுக் கடையைத் திறந்தது. ஒரு பாட்டு 99 சென்ட். இசைக் கம்பெனிகள் திருட்டுக்குப் பயந்ததால் ஒவ்வொரு கோப்புக்கும் ‘ஃபேர்பிளே’ என்ற பூட்டைப் போட்டார்கள். சாவி அந்நிறுவனத்தின் மென்பொருளிலும் ஐபாடிலும் மட்டும் இருந்தது. வேறு கம்பெனிக் கருவியில் போட்டால் பாட்டு ஊமை. இப்படிப்பட்ட பூட்டுகளுக்குப் பொதுப்பெயர் டி.ஆர்.எம்.

மைக்ரோசாஃப்ட் வேறொரு பூட்டைச் செய்து, ‘நிச்சயம் ஓடும்’ என்று பொருள்படும் ‘ப்ளேஸ்ஃபார்ஷ்யூர்’ என்ற பெயரில் பல கம்பெனிகளுக்குக் கொடுத்தது. வேடிக்கை என்னவென்றால், 2006-இல் அதே நிறுவனம் வெளியிட்ட ஜூன் என்ற கருவியில் அந்தப் பாட்டுகள் ஓடவில்லை! 2008-இல் தன் எம்.எஸ்.என். மியூசிக் கடையில் விற்ற பாட்டுகளுக்குச் சாவி கொடுக்கும் கணினிகளை நிறுத்தப்போவதாக அறிவித்தது. அதன்பின் கணினி மாற்றினால் காசு கொடுத்து வாங்கிய பாட்டும் திறக்காது. வாங்கியவர்கள் கூச்சல் போட்டதால் அவகாசத்தை நீட்டித்தது.

2007 பிப்ரவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ், பூட்டே வேண்டாம் என்று வெளிப்படையாக ஒரு கடிதம் எழுதினார். அவ்வாண்டே ஈ.எம்.ஐ. கம்பெனி பூட்டில்லாமல் விற்க இணங்கியது. அமேசான் அமெரிக்காவில் பூட்டில்லாத எம்பி3 கடையைத் திறந்தது. 2009-இல் ஐடியூன்ஸ் கடையிலும் பாட்டுகளின் பூட்டு முழுக்க அவிழ்ந்தது. ஐடியூன்ஸ் கடை இந்தியாவுக்கு வந்தது 2012 டிசம்பரில். ஆக, இங்கே விற்பனைக்கு வரும்போதே பாட்டுக் கோப்பு பூட்டில்லாமல்தான் வந்தது.

இதைப் படித்தபோதுதான் எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. நான் விலைக்கு வாங்கிய 24 பாட்டும் பூட்டில்லாத கோப்புகளாக என் கணினியிலேயே இருந்தன. அக்காவின் பேசியில் அவை தாராளமாக ஓடும். சரக்கைக் கோடவுனில் வைத்துக்கொண்டு முகவரிச் சீட்டை மட்டும் அனுப்பியிருக்கிறேன்!

வாங்குவதும் வாடகைக்கு எடுப்பதும்

பூட்டு ஒரேயடியாக ஒழிந்துவிட்டதா? இல்லை. விற்பனையிலிருந்து போய், வாடகையில் உட்கார்ந்துகொண்டது. மாதக் கட்டணம் கட்டிக் கேட்கும் செயலிகளில் ‘இறக்கிக்கொள்’ என்று ஒரு பொத்தான் இருக்கும். இறக்கினாலும் அது பூட்டிய கோப்புதான். அந்தச் செயலிக்கு வெளியே ஓடாது. கட்டணம் நின்றால் செயலிக்குள்ளும் ஓடாது.

கடையே மூடப்படும் அபாயமும் உண்டு. பெங்களூரின் ஃபிளிப்கார்ட் 2012 பிப்ரவரியில் ‘ஃபிளைட்’ என்ற பெயரில் எம்பி3 கடையைத் திறந்தது. 2013 ஜூனில் மூடியது. அங்கே வாங்கியவை பூட்டில்லாத எம்பி3 என்பதால், இறக்கி வைத்துக்கொண்டவர்களுக்குப் பாட்டு தங்கியது. கூகுள் ப்ளே மியூசிக் 2016-இல் இந்தியாவில் பாட்டு விற்கத் தொடங்கி, 2020 முடிவதற்குள் மூடியது. ஏர்டெல்லின் விங்க் என்ற செயலி 2014-இல் வந்து 2024-இல் நிறுத்தப்பட்டது. கடை மூடினாலும் வாங்கிய பொருள் வீட்டில் இருக்க வேண்டும் என்றால், கோப்பு உங்கள் கையில் இருக்க வேண்டும். வாடகைச் சரக்கை நாம் பரிசளிக்க முடியாது. வாடகைப் பணத்தை வேண்டுமானால் கட்டலாம்.

எந்தக் கோப்பு எங்கே ஓடும்?

பாட்டுக் கோப்பின் பெயருக்குப் பின்னால் புள்ளி வைத்து ஒரு வால் இருக்கும். அந்த வாலைப் பார்த்தாலே இனம் தெரிந்துவிடும்.

எம்பி3: ஜெர்மனியின் ஃபிரவுன்ஹோஃபர் ஆய்வு நிறுவனம் முன்னின்று உருவாக்கியது. இதன் காப்புரிமை உரிமத் திட்டம் 2017-இல் முடிவுக்கு வந்தது. ஐபோன், ஆண்ட்ராய்டு, பழைய பொத்தான் பேசி, கார், நூறு இருநூறு ரூபாய் ஸ்பீக்கர் என்று ஏறக்குறைய எதிலும் ஓடும். சந்தேகம் வந்தால் இதையே கொடுங்கள்.

எம்4ஏ: உள்ளே இருப்பது பெரும்பாலும் ஏஏசி என்ற முறை. ஐபோன், ஆண்ட்ராய்டு இரண்டிலும் ஓடும். ஆனால் மலிவான ஸ்பீக்கர்களும் பழைய கார்ப் பெட்டிகளும் சில நேரம் மறுக்கும்.

டபிள்யூஎம்ஏ: விண்டோஸ் கணினியின் பழைய முறை. ஐபோனில் தானாக ஓடாது. தவிர்ப்பது நல்லது.

ஃப்ளாக்: ஒலி சிறிதும் குறையாத முறை; கோப்பு பெரிது. ஆண்ட்ராய்டில் ஓடும். ஐபோனின் பாட்டு நூலகத்தில் சேராது. இசைப் பிரியர்களுக்கு மட்டும்.

ஓர் இனத்திலிருந்து மற்றோர் இனத்துக்கு மாற்றும் இலவச மென்பொருள்கள் உண்டு. ஆனால் எம்4ஏ-யை எம்பி3 ஆக்கும்போது ஒலி கொஞ்சம் குறையும். ஜெராக்ஸைத் திரும்ப ஜெராக்ஸ் எடுப்பது போலத்தான். ஒரு தடவை மாற்றினால் காதுக்குத் தெரியாது. பல தடவை மாற்றாதீர்கள்.

அளவு பற்றிக் கவலை வேண்டாம். 128 என்ற தரத்தில் எம்பி3 ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய 1 எம்பி. மூன்று நிமிடப் பாட்டு 3 எம்பி. என் 24 பாட்டும் சேர்ந்து 100 எம்பி-க்குள் அடங்கிவிட்டன.

கொடுக்கும் வழிகள்

முதலாவது, நேரடியாகக் கையில் கொடுப்பது. பென் டிரைவிலோ மெமரி கார்டிலோ பாட்டுகளை ஏற்றிக் கொடுங்கள். மூன்று விஷயம் கவனிக்கவும். அதை ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்யுங்கள்; சிறிய ஸ்பீக்கர்கள் பல மற்ற முறைகளைப் படிக்காது. கோப்பின் பெயருக்கு முன்னால் 01, 02 என்று எண் போடுங்கள். தமிழ் எழுத்தைச் சில பெட்டிகள் கட்டம் கட்டமாகக் காட்டும். பெறுகிறவர் ஐபோன் வைத்திருந்தால் மெமரி கார்டு போட இடமே கிடையாது. 2023-இல் வந்த ஐபோன் 15 முதல் சி வகைத் துளை இருப்பதால், அதற்கேற்ற பென் டிரைவைச் செருகலாம்.

இரண்டாவது, தொலைவிலிருந்து அனுப்புவது. வாட்ஸ்அப்பில் ‘டாக்குமெண்ட்’ என்ற வழியில் கோப்பையே இணைத்து அனுப்புங்கள். ‘பகிர்’ பொத்தானைத் தொடாதீர்கள். போய்ச் சேர்ந்ததும், “நெட்டை அணைச்சிட்டுப் பாட்டைப் போட்டுப் பாருங்க” என்று சொல்லுங்கள். இணையம் இல்லாமல் கடைசிவரை ஓடினால் பாட்டு வந்துவிட்டது என்று பொருள். ‘வந்துச்சா?’ என்று மட்டும் கேட்டால் என் கதைதான் உங்களுக்கும்.

மூன்றாவது, கடையிலேயே பரிசாக வாங்குவது. தனிக் கலைஞர்கள் நேரடியாக விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில், வாங்கும்போதே பரிசு என்று குறித்துப் பெறுகிறவரின் மின்னஞ்சலைக் கொடுக்கலாம். அவர் எம்பி3, ஃப்ளாக் என்று தமக்கு வேண்டிய இனத்தில் இறக்கிக்கொள்வார். பேசி எந்த இனமானாலும் கவலையில்லை. ஆனால் பழைய திரைப்பாடல்களை அங்கே தேடிப் பயனில்லை.

நான்காவது, சந்தா கட்டித் தருவது. இரண்டு இனப் பேசியிலும் ஓடும் செயலியாகப் பாருங்கள். ஆப்பிள் மியூசிக் 2015 நவம்பர் முதல் ஆண்ட்ராய்டிலும் உண்டு. 2019 பிப்ரவரியில் இந்தியா வந்த ஸ்பாட்டிஃபை இரண்டிலும் ஓடும். குடும்பச் சந்தா மலிவு என்று ஊரில் இருக்கும் அம்மாவைச் சேர்க்க நினைப்பவர்கள் நிபந்தனையைப் படிக்கவும். ஸ்பாட்டிஃபை குடும்பச் சந்தா ஒரே முகவரியில் வசிப்பவர்களுக்கானது. அமெரிக்கப் பிள்ளைகள் கவனத்துக்கு ஒன்று: அங்கே வாங்கிய ஆப்பிள் பரிசு அட்டை இங்குள்ள இந்தியக் கணக்கில் செல்லாது. இந்தக் கடைகளுக்கெல்லாம் தேச எல்லை உண்டு.

ஐந்தாவது, பாட்டையும் பெட்டியையும் சேர்த்தே கொடுப்பது. பழைய கிராமபோன் கம்பெனியின் வாரிசான சரிகம நிறுவனம் 2017-இல் கொண்டுவந்த ‘கார்வான்’ இப்படிப்பட்டது. பழைய ரேடியோ போன்ற தோற்றம். 5000 பாடல்கள் உள்ளேயே. பின்னர் தமிழ்ப் பாடல்களுக்கென்றும் வந்தது. செல்பேசி, கணக்கு, கடவுச்சொல் ஒன்றும் வேண்டாம். பிள்ளைகள் பெற்றோருக்குப் பரிசாக வாங்கியே அது பெருமளவு விற்றது. ஒரு குறை: தேர்வு அவர்களுடையது, நம்முடையதல்ல. நம் அக்காவுக்குப் பிடித்த அந்த ஒரு பாட்டு அதில் இருக்க வேண்டும் என்று விதி இல்லை.

உரிமைக் கணக்கு

இங்கே ஒரு தர்மக் கேள்வி இருக்கிறது. இசைத்தட்டைக் கொடுத்தால் கொடுத்தவன் கை காலியாகும். கோப்பைக் கொடுத்தால் என்னிடமும் இருக்கும், உங்களிடமும் இருக்கும். அப்படியானால் நான் கொடுத்தது என் பொருளா, பாடினவர் பொருளா? அமெரிக்காவில் ரீடிஜி என்ற நிறுவனம் பழைய புத்தகம் விற்பது போலப் பழைய பாட்டுக் கோப்புகளை விற்க முயன்றபோது, கோப்பை மாற்றுவது என்பது புதிதாகப் படியெடுப்பதே என்று நீதிமன்றங்கள் 2013-லும் 2018-லும் சொல்லிவிட்டன.

நம் நாட்டில் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், சொந்த உபயோகத்துக்கான நியாயமான பயன்பாட்டை அனுமதிக்கிறது. ஊருக்கெல்லாம் படியெடுத்து வழங்குவது அதில் வராது. ஒலிப்பதிவுக்கு உரிமைக் காலம், வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 வருடம். ஆனால் பதிவு வேறு, பாடல் வேறு. 1944-இல் வந்த ‘ஹரிதாஸ்’ படத்தில் தியாகராஜ பாகவதர் பாடிய தட்டுகளின் ஒலிப்பதிவு உரிமை எப்போதோ முடிந்துவிட்டது. அவற்றை எழுதிய பாபநாசம் சிவன் மறைந்தது 1973-இல். எழுதியவர் மறைந்த பின்னும் 60 ஆண்டு என்பதால், அவருடைய பாடல்களின் உரிமை 2033 முடிய உண்டு. ‘பழசுதானே, யார் கேட்கப் போகிறார்கள்’ என்பது கணக்கு ஆகாது.

நான் வைத்துக்கொண்ட விதி இதுதான்: ஒரு விலைக்கு ஒரு பிரதி. என்னிடம் அசல் குறுந்தட்டு இருந்த பாட்டுகளுக்குத் தட்டையே அக்கா வீட்டில் சேர்த்துவிட்டேன். மற்றவை அவருக்கென்றே வாங்கியவை. அவருடைய பென் டிரைவில் ஏற்றியதும் என் கணினியில் அழித்துவிட்டேன். வாங்கும்போதே கடையின் நிபந்தனையைப் படித்து, முடிந்தால் பெறுகிறவர் பெயரிலேயே வாங்குவது எல்லாவற்றிலும் சிறந்தது.

பரிசளிக்கும் முன் கேட்கவேண்டியது மூன்றே கேள்விகள். அவர் கையில் இருப்பது என்ன கருவி? நான் வாங்குவது சொந்தமா, வாடகையா? நாளைக்கு நானும் இல்லை, கடையும் இல்லை என்றால் இந்தப் பாட்டு அவரிடம் இருக்குமா? மூன்றாவது கேள்விக்கு ‘இருக்கும்’ என்று பதில் வந்தால் தாராளமாகக் கொடுங்கள்.

அடுத்த தை மாதம் ஊருக்குப் போனபோது, பென் டிரைவ் செருகும் ஒரு சிறு ஸ்பீக்கரை வாங்கிப் போனேன். எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று தெரிய, அதன்மேல் ஒரு பொட்டை ஒட்டி வைத்தேன். தடவிப் பார்த்து அவரே போட்டுக்கொள்கிறார். அன்று சாயங்காலம் 24 பாட்டையும் ஒன்று விடாமல் கேட்டார். கூடவே பாடவும் செய்தார். கடைசியில் என்னிடம் சொன்னார்: “ரெண்டு பாட்டுல சரணத்த இத்தனை நாளா நான் தப்பா பாடிக்கினு இருந்திருக்கேன் தம்பி.”